எட்டாவது நஞ்சு

மூங்கிலாற்றுக் காட்டில் காத்தாயி என்றோர் உடும்பு இருந்தது. எருவை நக்கிப் பார்ப்பது அதன் வேலை.

சிரிக்க வேண்டாம். அந்தக் காட்டில் அதைவிடப் பொறுப்பான வேலை வேறு இல்லை.

காட்டின் மேட்டில் ஒரு பெரிய எருக்குழி இருந்தது. விலங்குகள் எல்லாம் தங்கள் சாணத்தையும் புழுக்கையையும், தின்று போட்ட பழத்தோலையும் அதில்தான் கொட்டும். அது மக்கி எருவாகும். மூக்கன் என்ற காட்டுப்பன்றியும் அதன் தம்பிகளும் அந்த எருவைக் கூடைகளில் அள்ளி, முதுகில் கட்டிக்கொண்டு கீழ்ச்சரிவுக்குப் போகும். அங்கே வயல்கள் இருந்தன. முயல்கள் கீரை போட்டிருந்தன. முள்ளம்பன்றி வள்ளிக்கிழங்கு நட்டிருந்தது. அரும்பு என்ற கௌதாரியும் அதன் கணவனும் தினை விதைத்திருந்தன. குழிக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது அரும்பின் வயல்தான். அதனால் அதற்குத்தான் நிறைய எரு போகும்.

குழிக்கும் வயல்களுக்கும் நடுவே ஒரு பாறை. காத்தாயி அதன் மேல் படுத்திருக்கும். ஒவ்வொரு கூடையும் பாறையடியில் இறங்கியாக வேண்டும். காத்தாயி பிளந்த நாக்கை நீட்டி நக்கிப் பார்க்கும். "போகலாம்!" என்றால் கூடை வயலுக்குப் போகும். "திருப்பு!" என்றால் வந்த வழியே திரும்பும்.

பாறையில் ஏழு பெயர்கள் செதுக்கியிருந்தார்கள். ஏழும் நஞ்சுகள். ஒவ்வொன்றும் அங்கே ஏறியதற்குக் காரணம் உண்டு. ஒரு வருஷம் எருவோடு வயலுக்குப் போன அரளிக்காயைக் கீரையோடு சேர்த்து மேய்ந்து மூன்று மான்கள் செத்தன. அன்று அரளி பாறையில் ஏறியது. இன்னொரு வருஷம் உப்பு மிஞ்சி முயல்களின் வயல் வெளுத்துப்போனது. அன்று உப்பு ஏறியது. இப்படியே எட்டிக்காய், செம்புத்துரு என்று ஏழு. யாருக்காவது ஏதாவது ஆனால்தான் பாறையில் ஒரு பெயர் ஏறும். ஆகாதவரை ஏறாது. அதுதான் வழக்கம்.

உடும்பு முட்டை தின்னும் இனம். ஆனால் இந்த வேலைக்கு வந்த அன்று, கீழ்ச்சரிவில் யாருடைய முட்டையையும் தொடமாட்டேன் என்று காத்தாயி சபையில் வாக்குக் கொடுத்தது. பதினோரு வருஷமாக அந்த வாக்கைக் காப்பாற்றியும் வந்தது. அதனால் காத்தாயியின் நாக்கைக் காடே நம்பியது.

அந்தக் காட்டில் சவ்வாது என்றொரு புனுகுப்பூனை இருந்தது. ஓயாமல் எதையாவது அரைத்து, எதையாவது காய்ச்சிக்கொண்டிருக்கும். ஒருநாள் மலையிடுக்கில் ஒரு வெள்ளைக்கல்லைக் கண்டெடுத்தது. அதைப் பொடித்துக் குங்கிலியத்தோடு காய்ச்சியது. கிடைத்த களிம்பைத் தன் முதுகில் பூசிக்கொண்டு மழையில் போய் நின்றது. மழைத்துளிகள் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தன. ஒரு மயிர்கூட நனையவில்லை!

"மழைப்பூச்சு! மழைப்பூச்சு!" என்று சவ்வாது காடெங்கும் கத்திக்கொண்டு ஓடியது. "பூசிக்கொண்டால் நனையமாட்டீர்கள்! குளிராது! சளி பிடிக்காது! ஒரு குலை வாழைப்பழம் கொடுத்தால் போதும்!"

அந்த மழைக்காலத்தில் மான்கள் பூசிக்கொண்டன. முயல்கள் பூசிக்கொண்டன. குரங்குகள் குட்டிகளுக்கும் பூசின. காட்டுக்குத் தலைவராக இருந்த கரியன் என்ற கரடி, தலை முதல் கால் வரை இரண்டு தடவை பூசிக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக மழைக்காலத்தில் கரியன் தும்மவில்லை.

சவ்வாது களிம்பு காய்ச்சும் கல்தொட்டியைத் தினமும் கழுவும். கழுவிய தண்ணீர் ஓர் ஓடை வழியாக எருக்குழியில் போய் விழும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்பவர்கள், சுரண்டியதையும் குழியில்தான் போட்டார்கள். கழிவு என்றால் குழிக்குத்தானே போக வேண்டும்? யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

ஒருநாள் காலையில் மூக்கன் முதல் கூடையை இறக்கியது. காத்தாயி நக்கிப் பார்த்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை மூடியது.

"என்ன அக்கா, உப்பா?" என்று கேட்டது மூக்கன்.

"உப்பு இல்லை."

"எட்டிக்காயா?"

"அதுவும் இல்லை. ஏழில் எதுவும் இல்லை. ஆனால் ஏதோ ஒன்று இருக்கிறது, மூக்கா. வழவழவென்று நாக்கைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது."

காத்தாயி ஓடைக்குப் போய் வாயைக் கொப்பளித்தது. மூன்று தடவை கொப்பளித்த பிறகும் அந்தச் சுவை போகவில்லை. மண்ணைத் தின்று துப்பியது. அப்போதும் போகவில்லை.

மூக்கனுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, பின்னால் பத்துக் கூடை நிற்கிறது. பாறையில் பெயர் இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்!"

"இல்லை."

"இல்லாத ஒன்றுக்காக என்னைத் திருப்பி அனுப்ப முடியுமா?"

காத்தாயி பாறையைப் பார்த்தது. ஏழு பெயர்கள்தான் இருந்தன.

"போகலாம்" என்றது.

ஆனால் அதற்கு மனசு கேட்கவில்லை. அன்று மத்தியானமே கரியனின் குகைக்குப் போனது. கரியன் வாசலில் உட்கார்ந்து இலுப்பைப்பூ தின்றுகொண்டிருந்தது. அதன் உடம்பு பூச்சில் பளபளவென்று மின்னியது.

"தலைவரே, எருவில் புதிதாக ஏதோ கலக்கிறது. சவ்வாதின் தொட்டித் தண்ணீராக இருக்கும் என்று நினைக்கிறேன்."

"யாராவது செத்தார்களா?"

"இல்லை."

"வயிறு வீங்கியதா? முடி கொட்டியதா?"

"இதுவரை இல்லை. ஆனால் அது கரையாத சரக்கு. என்னவென்று தெரியும்வரை நிறுத்தி வைக்கலாமே?"

கரியன் ஒரு கைப்பிடி இலுப்பைப்பூவை வாயில் போட்டுக்கொண்டது. "நிறுத்தினால் குழி வழியும். குழி வழிந்தால் காடே நாறும். நாற்றம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், காத்தாயி. நீ சொல்கிற கெடுதல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் எதைப் பார்ப்பேன்? கெடுதல் என்று காட்டு, உடனே பாறையில் ஏற்றிவிடலாம்!"

காத்தாயி திரும்பி வந்து பாறைமேல் படுத்தது. அடுத்த கூடை வந்தது. நக்கியது. அந்தச் சுவை இருந்தது.

"போகலாம்" என்றது.

அதன் பிறகு எத்தனையோ நூறு கூடைகள் போயின. ஒவ்வொன்றிலும் அந்தச் சுவை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் காத்தாயி "போகலாம்" என்றது. கொஞ்ச நாளில் அந்தச் சுவை அதற்குப் பழகிவிட்டது.

அந்த வருஷம் தினை நன்றாகவே விளைந்தது. கரியன் வயல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கெடுதல் எங்கே, காத்தாயி?" என்று கேட்டுச் சிரித்தது.

இரண்டாம் வருஷம் அரும்பின் வயலில் மண்புழுக்கள் மேலே வந்து காய்ந்து கிடந்தன. கறையான்கள் இடம் மாறிப் போயின. தினைக்கதிர் பாதியில் பதராக நின்றது. அரும்பு அதை மழைக்குறைவு என்று நினைத்தது. புதரடியில் எட்டு முட்டை இட்டு அடைகாத்தது. இரண்டுதான் பொரித்தன. அந்த இரண்டு குஞ்சுகளும் நாலாம் நாள் எழுந்திருக்கவில்லை.

அரும்பு மறுபடியும் எட்டு முட்டை இட்டது. இருபது நாள் அடைகாத்தது. இருபத்தைந்து நாள் ஆனது. ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை. கணவன், "எழுந்து வா, அரும்பு. இனிமேல் ஒன்றும் இல்லை" என்றது. அரும்பு எழுந்திருக்கவில்லை. முப்பதாம் நாள் எழுந்து, ஒரு முட்டையை இறக்கைக்குள் அணைத்து வைத்துக்கொண்டு, பாறைக்கு நடந்து வந்தது.

"காத்தாயி அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்கள்."

காத்தாயி முட்டையைக் கண்டதும் பின்னால் நகர்ந்தது. "என்னிடம் எதற்கு இதைக் கொண்டுவந்தாய்? நான் முட்டையைத் தொடுவதில்லை. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனால்தான் உங்களிடம் கொண்டுவந்தேன். நக்கிப் பாருங்கள். எதனால் பொரிக்கவில்லை என்று சொல்லுங்கள்."

காத்தாயி நாக்கை நீட்டியது. நுனி ஓட்டில் பட்டது. அவ்வளவுதான். வழவழப்பாக, நாக்கைவிட்டுப் போகாத அதே சுவை! எருவில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

காத்தாயி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

"எங்கள் வயலுக்கு வந்த எருவை எல்லாம் நக்கிப் பார்த்துத்தானே விட்டீர்கள்?" என்று கேட்டது அரும்பு.

"ஆமாம்."

"ஏழு நஞ்சும் இல்லையே?"

"ஏழும் இல்லை."

"அப்படியானால் எரு நல்லதுதானே?"

இந்த இடத்தில் காத்தாயி "ஆமாம்" என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பாறையும் அதன் பக்கம்தான் இருந்தது.

"இல்லை" என்றது காத்தாயி. "எட்டாவதாக ஒன்று இருந்தது. பெயர் தெரியாத ஒன்று. முதல் கூடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது."

"தெரிந்துமா விட்டீர்கள்?"

"பாறையில் இல்லை, அரும்பு. தலைவரிடம் சொன்னேன். அவர்..."

அரும்பு அதை முடிக்க விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "உங்கள் இனம் எங்கள் முட்டையைத் தின்னும் இனம். இருந்தாலும் உங்கள் நாக்கை நம்பினோம். நீங்கள் தின்றிருந்தால்கூட ஒன்றோ இரண்டோதான் போயிருக்கும், அக்கா. பாக்கி பொரித்திருக்கும்!"

முட்டையை அங்கேயே வைத்துவிட்டு அரும்பு போய்விட்டது. காத்தாயி அந்த முட்டையைப் பாறைமேல் ஒரு பள்ளத்தில் எடுத்து வைத்தது.

சற்று நேரத்தில் மூக்கன் கூடையோடு வந்தது. காத்தாயி நக்கிப் பார்த்தது.

"திருப்பு!"

மூக்கன் காதை ஆட்டியது. "சரியாகக் கேட்கவில்லை, அக்கா!"

"திருப்பு என்றேன். இந்தச் சுவை உள்ள கூடை ஒன்றுகூட இனி இந்தப் பாறையைத் தாண்டாது!"

மூக்கன் கத்தியது. தம்பிகளும் சேர்ந்து கத்தின. காத்தாயி வழியை மறித்துக் குறுக்கே படுத்துக்கொண்டது. உடும்பு பிடித்தால் விடுமா? மூன்று நாள் ஒரு கூடையும் போகவில்லை. நாலாம் நாள் குழி வழிந்து, நாற்றம் கரியனின் மூக்குக்கு எட்டியது. கரியன் உடனே சபையைக் கூட்டியது.

சபையில் முதலில் சவ்வாது எழுந்தது. அதன் பேச்சில் எப்போதும் வாசனை இருக்கும்.

"பெரியோர்களே! காத்தாயி அம்மாவின் நாக்கை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கூடையில் என் களிம்பு எவ்வளவு இருக்கும்? ஒரு சொட்டு! ஒரு சொட்டு ஓர் எறும்பையாவது கொல்லுமா? இதோ பாருங்கள்!" என்று ஒரு கூடைக்குள் கையை விட்டு, ஒட்டியிருந்த எருவை எல்லோர் முன்னாலும் நக்கியது. "நக்கிவிட்டேன்! செத்தேனா?"

சபை சிரித்தது. கரியனும் சிரித்தது.

"எட்டு முட்டை பொரிக்கவில்லை" என்றது காத்தாயி.

"முட்டை பொரிக்காமல் போக ஆயிரம் காரணம் இருக்கும்!" என்றது சவ்வாது. "கௌதாரி சரியாக அடைகாத்திருக்காது!"

அரும்பு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தது.

கரியன் கையைத் தூக்கியது. "போதும்! இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே ஓர் அளவு வைக்கிறேன். காத்தாயி ஒவ்வொரு கூடையையும் மூன்று தடவை நக்கட்டும். முதல் நக்கிலோ இரண்டாவதிலோ அந்தச் சுவை தெரிந்தால் கூடை திரும்பட்டும். மூன்றாவது நக்கில்தான் தெரிகிறது என்றால் போகட்டும். அதிகமானால் கெடுதல், கொஞ்சமானால் பரவாயில்லை! என்ன சொல்கிறீர்கள்?"

"நல்ல தீர்ப்பு!" என்று எல்லோரும் சொன்னார்கள். காத்தாயிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஓர் அளவு இருக்கிறதே என்று நினைத்தது.

மறுநாள் வந்த கூடைகளில் முதல் நக்கிலேயே சுவை தெரிந்தது. எல்லாம் திரும்பின. அதற்கு மறுநாள் ஓர் அதிசயம் நடந்தது. எந்தக் கூடையிலும் முதல் நக்கில் சுவை இல்லை. இரண்டாவது நக்கிலும் இல்லை. மூன்றாவதில் லேசாகத் தெரிந்தது. எல்லாக் கூடைகளும் தேறிவிட்டன. காத்தாயிக்குச் சந்தோஷம். சவ்வாது தொட்டியைக் கழுவுவதைக் குறைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தது.

ஆனால் அன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூடைகள் வந்தன. மறுநாளும் அப்படியே. காத்தாயிக்கு மனசில் ஏதோ இடித்தது. பாறையைவிட்டு இறங்கிக் குழிப்பக்கம் போய்ப் பார்த்தது. அங்கே மூக்கனும் தம்பிகளும் ஆற்றுமணலைக் கொண்டுவந்து எருவோடு கலந்துகொண்டிருந்தன. ஒரு கூடை எரு, ஒரு கூடை மணல். ஒன்று இரண்டானது.

"மூக்கா! மணல் எதற்கு?"

மூக்கன் ஒளிக்கவில்லை. பெருமையாகவே சொன்னது. "தலைவர் வைத்த அளவுக்குக் கொண்டுவரத்தான், அக்கா! சட்டப்படி நடக்கிறேன்!"

"மணல் கலந்தால் சுவைதான் குறையும். சரக்கு குறையுமா? குழியில் இருப்பது முழுக்க வயலுக்குத்தானே போகிறது?"

"அது என் வேலை இல்லை. கூடையைச் சோதிப்பது உங்கள் வேலை. தேறிய கூடையைக் கொட்டுவது என் வேலை."

"அப்படியானால் வயலைச் சோதிப்பது யார் வேலை?"

மூக்கன் யோசித்தது. தரையைக் கோரைப்பல்லால் கீறிக்கொண்டே நிஜமாகவே யோசித்தது. பிறகு, "யார் வேலையும் இல்லை, அக்கா!" என்றது.

காத்தாயி அங்கிருந்து நேராக அரும்பின் வயலுக்குப் போனது. வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அது வயலுக்குள் இறங்கியது அன்றுதான். ஓரத்தில் நக்கியது. நடுவில் நக்கியது. ஒரு சாண் தோண்டி நக்கியது. எங்கும் அதே சுவை. மூன்று நக்கு தேவைப்படவில்லை. நாக்கு பட வேண்டியதுகூட இல்லை, மூக்கிலேயே ஏறியது.

ஒவ்வொரு கூடையும் அளவுக்குள்தான் வந்தது. ஆனால் வந்தது எதுவும் திரும்பிப் போகவில்லை. மற்ற நஞ்சுகள் மழையில் கரையும், வெயிலில் மக்கும். இது கரையவும் இல்லை, மக்கவும் இல்லை. கூடைக்கு ஒரு சொட்டாக இரண்டு வருஷமாக இந்த மண்ணில் சேர்ந்துகொண்டே இருந்தது.

காத்தாயி கரியனிடம் போனது. "தலைவரே, கெடுதலைக் காட்டு என்றீர்களே. வாருங்கள், காட்டுகிறேன்."

"மழை வரும் போலிருக்கிறதே!"

"நீங்கள்தான் நனையமாட்டீர்களே!"

கரியனால் மறுக்க முடியவில்லை. தலைவர் போகிறாரே என்று மற்ற விலங்குகளும் பின்னால் வந்தன. சவ்வாது வந்தது. மூக்கனும் தம்பிகளும் வந்தன. எல்லோரும் அரும்பின் வயலைச் சுற்றி நின்றார்கள். அப்போது மழை பிடித்துக்கொண்டது.

மழை விலங்குகளின் மேல் விழுந்தது. கரியனின் முதுகிலும் மான்களின் முதுகிலும் துளிகள் முத்து முத்தாக உருண்டன. எல்லோரும் தங்கள் முதுகைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

"உங்கள் முதுகைப் பார்க்காதீர்கள். கீழே பாருங்கள்!" என்றது காத்தாயி.

எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

மண்ணின் மேலும் துளிகள் முத்து முத்தாக உருண்டன! ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை. வயல் முழுக்க வெள்ளைப் பாசிமணிகளைக் கொட்டியது போல மழை உருண்டு ஓடியது. காத்தாயி காலால் மண்ணைக் கிளறியது. அவ்வளவு மழையிலும் உள்ளே தூசி பறந்தது.

"இந்த வயலும் உங்கள் பூச்சைப் பூசிக்கொண்டுவிட்டது" என்றது காத்தாயி. "இனி எந்த மழையும் இதன் வேரை நனைக்காது."

ஒரு குட்டிக்குரங்கு உருண்டோடும் துளிகளைத் துரத்திக்கொண்டு சரிவில் ஓடியது. தாய்க்குரங்கு அதைப் பிடிக்கப் பின்னால் ஓடியது. சரிவின் கடைசியில் நின்று திரும்பிப் பார்த்தது.

"தலைவரே! இந்தத் தண்ணீர் எல்லாம் குளத்துக்குப் போகிறது!"

மூங்கிலாற்றுக் காட்டில் எல்லோரும் தண்ணீர் குடிப்பது அந்த ஒரே குளத்தில்தான்.

கரியன் தன் உள்ளங்கையைப் பார்த்தது. அதில் ஒரு துளி உருண்டுகொண்டிருந்தது. கையைக் கவிழ்த்தது. துளி விழுந்து, மண்ணில் உருண்டு, குளத்தை நோக்கிப் போனது.

"பாறையில் எட்டாவது பெயரைச் செதுக்குங்கள்" என்றது கரியன்.

"அது போதாது" என்றது காத்தாயி. "நாளைக்குச் சவ்வாது வேறொரு கல்லைக் கண்டுபிடிக்கும். அப்போது ஒன்பதாவதற்கு இன்னொரு வயல் போக வேண்டுமா? பெயருக்குக் கீழே இதையும் செதுக்குங்கள். இன்னதென்று தெரியாத சுவை எருவில் இருந்தால் கூடை நிற்க வேண்டும். அதைக் கலந்தவர்தான் கெடுதல் இல்லை என்று காட்ட வேண்டும். கூடையை மட்டுமில்லை, வருஷத்துக்கு இரண்டு தடவை வயலையும் சோதிக்க வேண்டும். மணல் கலந்து அளவைக் குறைக்கிற வேலை ஆகாது."

"தொட்டித் தண்ணீரை நான் எங்கே கொட்டுவேன்?" என்று சவ்வாது அலறியது.

"உன் வாசலில் குழி வெட்டி வைத்துக்கொள்!" என்றது கரியன். "கெடுதல் இல்லை என்றாயே! உன் வாசலிலேயே இருக்கட்டும்!"

சவ்வாது தன் வாசலைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தது. மறுநாளிலிருந்து களிம்பு காய்ச்சுவதை நிறுத்திவிட்டது.

இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய எருக்குழியைக் களிமண் போட்டு மூட வேண்டியிருந்தது. மேட்டின் மறுபக்கம் புதுக்குழி வெட்ட வேண்டியிருந்தது. எல்லா விலங்குகளும் ஒரு மாதம் மண் சுமந்தன. மூக்கனும் தம்பிகளும்தான் அதிகம் சுமந்தன. வயலிலிருந்து குளத்துக்குப் போகும் வழியில் ஒரு கரை போட்டார்கள். உடம்பில் இருந்த பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டியதை எங்கே போடுவது என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில் வெள்ளைக்கல் கிடைத்த மலையிடுக்கிலேயே போட்டு அடைத்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க எல்லோரும் நனைந்தார்கள். கரியன் ஓயாமல் தும்மியது. முணுமுணுப்பும் இருந்தது. "ஒரு கௌதாரிக்காக இத்தனையா?" என்று சிலர் கேட்டார்கள். ஆனால் குளத்தில் தண்ணீர் குடிக்கப் போகும்போது அவர்களே முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்கள்.

அரும்பின் வயலைச் சுற்றிக் கற்களை அடுக்கினார்கள். அதை என்ன செய்வது என்று காத்தாயிக்கும் தெரியவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை போய் நக்கிப் பார்க்கும். சுவை அப்படியே இருக்கும்.

அரும்பும் அதன் கணவனும் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகத் தீர்மானித்தன. புறப்படும் அன்று காத்தாயி ஆற்றங்கரைக்கு வந்தது.

"அரும்பு, என்னை மன்னித்துவிடு."

"நான் உங்கள்மேல் கோபமாக இல்லை, அக்கா" என்றது அரும்பு. "கடைசியில் நீங்கள் ஒருவர்தான் எங்களுக்காகக் குறுக்கே படுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் முதல் கூடை வந்த அன்றே படுத்திருக்கலாம்."

காத்தாயி தலையைத் தாழ்த்திக்கொண்டது. கௌதாரிகள் இரண்டும் தாழ்வாகப் பறந்து ஆற்றைக் கடந்தன.

அக்கரையில் மண் அவ்வளவு வளமில்லை. கல்லும் சரளையுமாக இருந்தது. இருந்தாலும் தினை முளைத்தது. அடுத்த பருவத்தில் அரும்பு ஆறு முட்டை இட்டது. நான்கு பொரித்தன.

ஒருநாள் மூக்கன் முதுகில் கூடையோடு ஆற்றை நீந்தி அக்கரைக்கு வந்தது. குஞ்சுகள் புதருக்குள் ஓடி ஒளிந்தன.

"பயப்படாதீர்கள்! அரும்பு, உன் பயிர் சோகையாக இருக்கிறதே! புதுக்குழி எரு கொண்டுவந்திருக்கிறேன். சும்மா வாங்கிக்கொள்!"

"வேண்டாம், அண்ணே."

"சோதித்த எரு! காத்தாயி அக்கா நக்கிப் பார்த்துத்தான் அனுப்பினார்!"

"தெரியும்" என்றது அரும்பு. "போன எருவும் சோதித்து வந்ததுதான்."

மூக்கன் கூடையைத் திரும்ப முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கியது.

பெயர் தெரியாத நஞ்சைச் சந்தேகம் வந்த முதல் நாளே நிறுத்தாமல், கெடுதல் கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருப்பவர்கள், பிறகு எவ்வளவு நல்ல சட்டம் போட்டாலும் இழந்த நிலத்தையும் இழந்த நம்பிக்கையையும் திரும்பப் பெற மாட்டார்கள்.